குறைத்த விலையில் பில் போட மாட்டேன்

“சார், பில்லுல ஐந்நூறுன்னு போட்டுடுங்க. மீதியைக் கையில குடுத்துடறேன்.”

பழைய தபால்தலைகளும் நாணயங்களும் விற்கிற என்னைப் போன்றவர்கள் இந்த வேண்டுகோளைக் கேட்காத மாதம் கிடையாது. நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய கவரை வாங்கிக்கொண்டு, வீட்டில் காட்ட ஐந்நூறு ரூபாய்க்குப் பில் கேட்பார்கள். கேட்பவர்கள் மோசமானவர்கள் அல்லர். குடிக்க மாட்டார்கள், சீட்டாட மாட்டார்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைத் தவணை தவறிக் கட்டியதே கிடையாது. ஆனாலும் கேட்கிறார்கள். நான் போட்டுக் கொடுப்பதில்லை. பொய் பில் போடுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பொய்க்கான விலையைப் பத்து இருபது வருடம் கழித்து யார் கட்டுகிறார்கள் என்பதைப் பார்க்கும் இடத்தில் நான் இருக்கிறேன் என்பது.

என் அப்பா சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களுக்கு நடுவே தகர டப்பாக்களில் ஸ்டாம்ப் வைத்து விற்றவர். 1985 மே மாதம் அந்தக் கட்டடம் எரிந்துபோன பிறகு, அங்கே கடை வைத்திருந்த பலர் அல்லிக்குளம் வணிக வளாகத்துக்குப் போனார்கள். சிலர் வீட்டிலிருந்தே வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள்; நாங்கள் அந்தச் சிலரில் சேர்ந்தவர்கள். இந்தத் தொழிலில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அவர் என்னிடம் வருவார். அவர் போன பிறகு, அவருடைய மனைவியோ மகனோ கூப்பிட, நான் அவர் வீட்டுக்குப் போவேன். ஆல்பங்களைப் பார்த்து மதிப்புச் சொல்ல வேண்டும். அந்த வீடுகளில் நான் கண்டவைதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தன. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாம்பலம் பக்கம். அந்த வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் அப்பா காலத்து வாடிக்கையாளர். அவர் வாங்கிப்போன ஒரு தொகுப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன். 1948 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவுக்கு, காந்தியடிகள் படம் போட்ட நான்கு தபால்தலைகளை அரசு வெளியிட்டது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தில் அச்சடிக்கப்பட்டவை. அன்றைக்குப் பத்து ரூபாய் என்பது பெரிய பணம். அந்தத் தலையை வாங்கி வைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடிந்திருக்கும்? அதனால்தான் இன்று பின்பக்கப் பசை கெடாத பத்து ரூபாய் காந்தி ஆயிரக்கணக்கில் விலைபோகிறது. அதிலேயே ‘சர்வீஸ்’ என்று மேலச்சுப் பொறித்து கவர்னர் ஜெனரலின் உபயோகத்துக்காக நூறு தலைகள் மட்டும் அச்சாயின. அவற்றில் ஒட்டிய வரிசையாக நான்கு, 2017இல் இங்கிலாந்தில் 5 லட்சம் பவுண்டுக்குக் கைமாறின. அந்த ‘சர்வீஸ்’ தலையை நானும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நம்மவர் வைத்திருந்தது சாதாரண நான்கு தலைத் தொகுப்பு. ஆனால் அவ்வளவு சுத்தமான தொகுப்பு எங்கள் கையில் அபூர்வமாகத்தான் வரும். இரண்டு தவணையாகப் பணம் கட்டி வாங்கிப்போனார்.

அவர் காலமான பிறகு நான் போனபோது அந்த நான்கும் ஆல்பத்தில் இல்லை. பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் காந்தி ஜெயந்திக்குப் படம் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டியே ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். சார்ட் அட்டையில் ஃபெவிக்கால் போட்டு ஒட்டி, சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்திருந்தது குழந்தை. “ஆபீஸ் தபால்ல வந்ததைக் கிழிச்சு எடுத்தேன், சும்மா கிடைச்சதுன்னுதாம்ப்பா சொன்னாரு” என்றார் அந்த அம்மா. விலை எவ்வளவு என்று கேட்டார். மறைக்க எனக்கு மனம் வரவில்லை; சொன்னேன்.

பணம் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறொன்று கேட்டார். “என் வளையலை அடகு வெச்சுப் பெரியவனுக்கு இன்ஜினியரிங் பீஸ் கட்டினோம். அந்த வருஷமும் இவர் இதெல்லாம் வாங்கிட்டுத்தான் இருந்தாரா?” எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே பேரேடு உண்டு. யார், எந்தத் தேதியில், என்ன, எவ்வளவு என்று எழுதிவைப்போம். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அவர் பெயரில் ஒரு வரிகூட இல்லை. மாதம் தவறாமல் வந்தவர் அந்த இரண்டு வருடம் எங்கள் வாசல்படியே ஏறவில்லை. பிள்ளையின் படிப்புக்காகத் தனக்கு மிகப் பிடித்த ஒன்றை முழுக்க நிறுத்தியிருக்கிறார். மனைவிக்கு அது தெரியாது. தெரியவும் வழியில்லை. வாங்குவதையே சொல்லாதவரால், நிறுத்தியதை எப்படிச் சொல்ல முடியும்?

மறைக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை என்று நினைக்கிறேன். ஒரு விலையை மறைத்தால் அந்த விலை மட்டும் மறைவதில்லை. அதைச் சுற்றிய நல்லதும் மறைகிறது. பொய் ஒருநாள் தெரியவரும்போது அது அந்த ஒரு பொருளோடும் நிற்காது. கூட வாழ்ந்த முப்பது நாற்பது வருடத்தையும் பின்னோக்கிச் சந்தேகப்பட வைக்கும். அந்த அம்மாவுக்காவது ஒரு பேரேடு சாட்சி சொல்லியது. பெரும்பாலான வீடுகளில் அதுவும் இருக்காது.

இனிப் பொருளின் கதை. மறைத்துவைக்கும் இடங்கள் எனக்கு மனப்பாடம்: பரண், பீரோவின் மேல்தட்டு, ஸ்கூட்டர் டிக்கி, அலுவலக மேசையின் அடி இழுப்பறை, பழைய சூட்கேஸ். காகிதத்துக்கு இவற்றைவிடக் கேடான இடம் இருக்க முடியாது. மொட்டைமாடித் தளத்துக்கு ஓரடி கீழே இருக்கிற பரணில் சித்திரை வெயில் முழுக்க இறங்கும். பசை காய்ந்து வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே பசை ஈரம் குடித்து இளகி, தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்க வேண்டுமானால் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஊறவைத்தால் பசை போய்விடும். பசை போனால் மதிப்பும் போய்விடும். பழுப்புப் புள்ளி விழும். ராமபாணப் பூச்சி ஓரத்தை அரிக்கும். ஆல்பத்தை அடிக்கடி திறந்து புரட்டி, காற்றுப்பட வைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கலையின் முதல் பாடம். ஒளித்துவைத்தவர் எப்படித் திறப்பார்? வீட்டில் யாரும் இல்லாத நாளுக்குக் காத்திருப்பார். அப்படி ஒரு நாள் நம் வீடுகளில் வருடத்துக்கு எத்தனை முறை வாய்க்கும்? ஆசை ஆசையாய் வாங்கியதைக் கண்ணால் பார்க்கக்கூட முடியாமல், பூட்டிய பெட்டிக்குள் அழிய விடுகிறார்கள். எனக்கு இதில் ஆற்றாமைதான் மிஞ்சுகிறது.

நாணயத்தில் கதை இன்னும் கொடுமை. உலோகம் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளாது, ஆனால் உருகும். ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த வெள்ளி ரூபாய்களில் 1939ஆம் வருடத்தது கிடைப்பது அரிது. அதுவரை பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியோடு வந்த ரூபாயை, 1940இல் பாதி வெள்ளியாகக் குறைத்துவிட்டார்கள். அரிது என்பதால் 1939க்குப் போலிகள் நிறைய உலவுகின்றன. அசல் ஒன்றைத் தேடி, எடை பார்த்து, விளிம்பு பார்த்து வாங்கினார் ஒரு வங்கி ஊழியர். வீட்டில் “எங்க தாத்தா பெட்டியில கிடந்தது” என்று சொல்லி, சாதாரண வெள்ளி ரூபாய்களோடு ஒரு சுருக்குப்பையில் கலந்து வைத்தார். அவர் திடீரென்று காலமானபோது பையோடு வெள்ளிக் கடைக்குப் போயிற்று. ரூபாய்க்குப் பதினொன்றே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவான எடை. அந்த எடைக்கு விலை. பேத்திக்குக் கொலுசு எடுத்தார்களாம். அந்தக் குடும்பத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்? தாத்தா பெட்டியில் கிடந்தது என்று சொன்னவர் வீட்டுக்குப் பெரியவர். நம்பினார்கள்.

நண்பர்களோடு பேசிப் பார்த்ததில் இது தபால்தலைக்காரர்களின் வழக்கம் மட்டும் இல்லை என்று தெரிகிறது. பறவைப் படம் எடுக்கிறவர், கேமரா லென்ஸை “பிரெண்டோடது, இரவல்” என்கிறார். மீன் வளர்க்கிறவர் கொளத்தூரில் வாங்கிய ஜோடியின் விலையில் ஒரு பூஜ்யத்தைக் குறைக்கிறார். ஜனவரியில் புத்தகக் காட்சியில் வாங்கிய பையை இரவே வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வண்டியில் வைத்து, நாளுக்கு இரண்டாய் அலமாரியில் சேர்க்கிறவர்களை எனக்கே தெரியும். பார்சலை அலுவலக முகவரிக்கு வரவழைக்கிறார்கள் இளைஞர்கள். வங்கியிலிருந்து மனைவியின் போனுக்கும் குறுஞ்செய்தி போய்விடும் என்று நண்பனின் ஜிபேயில் கட்டச் சொல்லி, அவனுக்கு ரொக்கமாகக் கொடுக்கிறார்கள்.

ஏன் மறைக்கிறோம் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றே: “சண்டை வரும் சார்.” நான் இதை முழுதாக ஏற்பதில்லை. நம் வீடுகளின் மாதக் கணக்கை எடுத்துப் பாருங்கள். வாடகை, மளிகை, பால், கரண்ட், பள்ளி, சீட்டு, மருந்து, ஊரில் அம்மாவுக்கு அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு வரி உண்டு. ஒரு மனிதர் தன் சந்தோஷத்துக்காகச் செலவழிக்க ஒரு வரி கிடையாது. வரியே இல்லாத செலவு எவ்வளவு சிறியதானாலும் திருட்டு போலத்தான் தெரியும். செய்கிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் வைத்த மொய்யை ஐம்பது ரூபாய் விடாமல் நோட்டில் எழுதி மூன்று தலைமுறைக்குப் பத்திரப்படுத்துகிற சமூகம் நாம். கணக்கு எழுதுவது நமக்குப் புதிதல்ல. தன் விருப்பத்துக்குச் செலவு செய்வது கௌரவமான செயல் என்பதைத்தான் நாம் ஏற்றுக்கொள்ளவில்லை.

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஆண்களுக்காக மட்டும் வாதாட எனக்கு உரிமை இல்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, வீடு வீடாக என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். அரிசிப் பானை, அஞ்சறைப்பெட்டி, புடவை மடிப்பு, சாமி படத்தின் பின்பக்கம் என்று பெண்கள் வருடக்கணக்கில் சேர்த்துவைத்த பணம் கணவனின் முன்னால் வெளியே வரவேண்டியதாயிற்று. கேலி செய்தவர்கள் நிறைய. நான் அதை வேறு விதமாகப் பார்த்தேன். ஆண் மறைத்தது, வாங்கி முடித்த பொருளை. பெண் மறைத்தது, செலவே செய்யாத பணத்தை. அதுவும் பெரும்பாலும் பிள்ளைக்கோ ஆபத்துக்கோ என்று எடுத்துவைத்ததை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் ஒப்பாது. குடிக்கிற கணவனிடமிருந்து வீட்டுப் பணத்தைக் காப்பாற்ற மறைப்பவரிடம் போய் நேர்மை பேச எனக்கு வாய் வராது.

அதுபோல ஒருவர் என் வாடிக்கையாளராகவே இருந்தார். பள்ளி ஆசிரியை. பறவைகள் படம் போட்ட தபால்தலைகளை மட்டும் சேர்ப்பார். சம்பளம் வந்த அன்றே முழுதும் கணவர் கைக்குப் போய்விடும். பஸ்ஸுக்குத் தினமும் எண்ணிக் கொடுப்பாராம். இரண்டு நிறுத்தம் நடந்துபோய் மிச்சம் பிடித்த காசில் தலை வாங்குவார். ஆல்பத்தைப் பள்ளிக்கூட லாக்கரில் வைத்திருந்தார். அவர் ஒருநாளும் என்னிடம் பொய் பில் கேட்டதில்லை, பில்லே வேண்டாம் என்பார். பில்லைப் பத்திரமாக என்னிடமே வைத்திருந்தேன். தன் உழைப்பில் வந்த பணத்தில் பத்து ரூபாயைச் சுதந்திரமாகச் செலவழிக்க முடியாதவர் மறைத்தால், அந்தப் பழி மறைக்க வைத்தவருடையது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ஆனால் என்னிடம் குறைத்த விலைக்குப் பில் கேட்கிற ஆண்களில் மிகப் பெரும்பாலோர் அந்த நிலையில் இல்லை. வீட்டுப் பணம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. சம்பாதிப்பது நான், கொஞ்சம் செலவு செய்தால் என்ன என்பதும் அவர்கள் மனதில் ஓடுகிறது. அவர்களுக்கு ஒரு தீர்ப்பை ஞாபகப்படுத்துவேன். 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்தது. கணவர் சவுதியில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் இங்கே சொத்து வாங்கப்பட்டது. வீட்டையும் பிள்ளைகளையும் இங்கிருந்து பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தில் அடங்கியிருக்கிறது, ஆகவே அவருக்கும் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி. வெளியே போய்ச் சம்பாதிக்காத மனைவியும் அந்தச் சம்பாத்தியத்தில் பங்காளி என்றால், கணவர் பரணில் ஒளித்துவைத்த ஆல்பத்தில் பாதி அவருடைய உழைப்பு. பங்காளிக்குத் தெரியாமல் பொதுப்பணத்தை எடுப்பதற்குத் தொழிலில் என்ன பெயரோ, வீட்டிலும் அதுதான்.

எங்கள் வீட்டில் என் மனைவி கல்யாணமான புதிதிலேயே இதற்கு ஒரு வழி சொன்னாள். நான் எனக்கென்று வாங்கிக்கொள்கிற ஸ்டாம்புக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குகிறேனோ, அதே அளவு அவளுக்கும் எடுத்துவைக்க வேண்டும். “நான் என்ன வாங்கினேன்னு நீங்க கேக்கக் கூடாது. நீங்க என்ன வாங்கினீங்கன்னு நானும் கேக்க மாட்டேன்.” தொகை இருவருக்கும் தெரியும்; கையில் பணம் இல்லாத மாதம் இருவருக்குமே கிடையாது. அவள் பழைய பித்தளை விளக்குகள் வாங்குகிறாள். சில மாதம் எதுவும் வாங்காமல் சேர்த்து, தங்கையோடு ஊர் சுற்றப் போய்வருகிறாள். கேட்காமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அந்த ஏற்பாட்டில்தான் எனக்குப் புரிந்தது. அந்தரங்கம் வேண்டும்தான், கணவன் மனைவிக்குள்ளும் வேண்டும். அதை இருவரும் சேர்ந்து, தொகை பேசி, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள முடியும்.

நாலாயிரம் ரூபாய்க் கவர் அந்த மாதத் தொகையில் அடங்காது என்பார்கள். அடங்காவிட்டால் மூன்று மாதம் காத்திருங்கள். நல்ல வியாபாரி எடுத்துவைப்பான். நான் எடுத்துவைக்கிறேன், வட்டி இல்லாமல் தவணையும் தருகிறேன். அரசே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தலைமைத் தபால் நிலையங்களில் உள்ள தபால்தலைப் பிரிவில் குறைந்தது 200 ரூபாய் கட்டி டெபாசிட் கணக்குத் தொடங்கினால், புதிதாக வெளியாகும் தலைகள் வீட்டுக்கே வந்து சேரும். அந்தக் கணக்குக்கு அலுவலக முகவரி கொடுக்காமல் வீட்டு முகவரி கொடுங்கள். தபால்காரர் கொண்டுவந்து மனைவி கையில் தரட்டும். என்ன வந்திருக்கிறது என்று அவர் பிரித்துப் பார்க்கட்டும். பல வீடுகளில் இரண்டாவது சேகரிப்பாளர் உருவானது இப்படித்தான்.

என் தொழிலில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயத்தில்தான் நம்மில் பலர் பொய் பில் போடுகிறார்கள். போனால் போகட்டும். அந்தப் பில்லை நம்பி நாளைக்கு ஒரு விதவைத் தாய் ஐந்நூறு ரூபாய்க்கு விற்க வருவார். அப்போது அந்த ஐந்நூறையே கொடுத்து வாங்கிக்கொள்கிற ஆசை எந்த வியாபாரிக்கும் வரும். அந்த ஆசைக்கு இடம் வைக்கிற காகிதத்தை நாமே ஏன் எழுத வேண்டும்?

ஏற்கெனவே மறைத்துவைத்திருப்பவர்களுக்கு: எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல முடியாவிட்டால், ஒவ்வொரு ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலும் எழுதத் தொடங்குங்கள். பொருள், வாங்கிய தேதி, யாரிடம், உண்மையான விலை, இப்போது யாரிடம் காட்டினால் சரியான மதிப்புச் சொல்வார்கள். எழுதியதை வீட்டில் இருப்பவருக்குக் காட்டுங்கள். சண்டை வந்தால் வரட்டும். நீங்கள் இருக்கும்போதே வரட்டும், பதில் சொல்ல நீங்கள் இருப்பீர்கள்.

வீட்டில் இப்படி ஒரு பெட்டி கிடைத்து, அதைச் சேர்த்தவர் இல்லாமல் போன குடும்பங்களுக்கு: கவரிலிருந்து தலையைக் கிழிக்காதீர்கள், பல நேரம் தலையைவிட முத்திரை விழுந்த முழுக் கவருக்குத்தான் மதிப்பு. ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்க்காதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள். நாணயத்தைப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்காதீர்கள். வெள்ளிக் கடைக்கு எடுத்துப்போகும் முன் வருடத்தைப் படித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வியாபாரி சொல்லும் விலைக்கு விற்காதீர்கள். என்னிடம் வந்தாலும் இன்னும் இருவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். சேர்த்தவர் உங்களிடம் சொன்ன விலையை மட்டும் எந்தக் கடையிலும் முதலில் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.